படம் வந்தது, கமென்ட் வரவில்லை

தப்பு மேளம் அடிக்கும் தாத்தா இறந்த செய்தியை நான் ஐந்து நாள் கழித்துத்தான் பார்த்தேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேக்கணக்கில் இருக்கும் அவருடைய பேரன் படத்தோடு பதிவு போட்டிருந்தான். நான் தினமும் காலைத் தேத்தண்ணியோடு திறக்கும் ஃபேஸ்புக் தளத்தில்தான். அந்த ஐந்து நாளும் எனக்கு வந்ததெல்லாம் காணி விளம்பரம், யாரென்றே தெரியாதவர்களின் சமையல் வீடியோ, கணினி வரைந்த பொய்ப் படங்கள். அடக்கம் முடிந்து, கருமாதிக்கு ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் பேரனின் பதிவு மேலே வந்தது. காமன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்தில் அந்தத் தாத்தா தப்பு அடிக்கும் வீடியோ மட்டும் என் கணக்கில் 37 இருக்கின்றன. அவரைப் புதைத்த குழியில் ஒரு பிடி மண் போட நான் போகவில்லை.

அது 2024 தை மாதம். அன்று இரவே வெளியேறுவது என்று முடிவெடுத்தேன். வெளியேற ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். எதையெல்லாம் எடுத்துக்கொண்டு போவது என்பதற்குத்தான் எட்டு மாதம் பிடித்தது. அந்த எட்டு மாத வேலையை இங்கே எழுதி வைக்கிறேன். என்னைப் போலவே தோட்டத்துப் படங்களை அங்கே கொட்டி வைத்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு உதவும்.

2010இல் நான் அதில் சேர்ந்தபோது அது எங்களுக்குப் பெரிய கொடை. இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் எங்கள் லயத்திலேயே, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளிலேயே, பாதிக் குடும்பங்கள் இந்தியாவுக்குப் போயின. கோத்தகிரி, கூடலூர் பக்கம் தேயிலை மலைகளில் குடியேறியவர்களோடு முதலில் கடிதம் இருந்தது, அப்புறம் அதுவும் நின்றது. அந்தத் தளம் வந்த பிறகுதான் என் அத்தை, தன்னோடு தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் வளர்ந்த தோழியின் முகத்தை நாற்பது வருடத்துக்குப் பிறகு பார்த்தாள். அதனால்தான் பதினான்கு வருடம் இருந்தேன். விளம்பரம் கூடியபோதும் இருந்தேன். தெரிந்தவர்களின் பதிவுகள் குறைந்து அந்நியர்களின் வீடியோ நிரம்பியபோதும், எங்கள் ஆட்கள் அங்கேதானே இருக்கிறார்கள் என்று இருந்தேன்.

இன்னொரு பயமும் இருந்தது. ஆர்குட் 2014 செப்டம்பர் 30ஆம் தேதி மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரல் 2. தமிழில் எவ்வளவோ பேச்சு நடந்த யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பர் 15. மைஸ்பேஸ் மூடப்படவே இல்லை, ஆனாலும் 2003 முதல் 2015 வரை அதில் ஏற்றப்பட்ட இசை ஒரு சர்வர் மாற்றத்தில் அழிந்துபோனது 2019இல் வெளியே தெரிந்தது. ஆட்கள் குறைந்துகொண்டே போகும் இடத்தில் என் 37 வீடியோவை யார் பத்திரமாக வைத்திருப்பார்கள்?

இறக்குவது

செட்டிங்ஸில் 'உங்கள் தகவலை இறக்குங்கள்' என்ற இடம் இருக்கிறது. இரண்டு வடிவம் தருவார்கள். ஒன்று எச்டிஎம்எல், உடனே திறந்து பார்க்கலாம். மற்றது ஜேசன், கணினி படிப்பதற்கு. நான் முதலில் எச்டிஎம்எல் எடுத்தேன், படத் தரம் என்ற பெட்டியைக் கவனிக்கவில்லை. அது 'நடுத்தரம்' என்றே இருந்திருக்கிறது. வந்த படங்களில் கொழுந்துக் கூடை தெரிந்தது, கொழுந்து தெரியவில்லை. இரண்டாம் முறை ஜேசன், தரம் 'உயர்', காலம் 'தொடக்கத்திலிருந்து' என்று கேட்டேன். தயாராகி அறிவிப்பு வர ஒன்றரை நாள் ஆனது. மொத்தம் 11 சுருக்கிய சிப் (zip) கோப்புகள்.

எங்கள் வீட்டில் சிக்னல் முன் வராந்தாவான இஸ்தோப்பில்தான் ஒழுங்காகக் கிடைக்கும். என் பேக்கேஜில் நள்ளிரவுக்குப் பிறகு தனி டேட்டா உண்டு. அதனால் போனை இஸ்தோப்பு ஜன்னலில் வைத்து, கேபிளில் லேப்டாப்பைக் கட்டி, இரவு பன்னிரண்டு மணிக்குத் தொடங்குவேன். ஒரு கோப்பு பாதியில் அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நான்காம் நாள் எட்டுக் கோப்பு கையில் இருந்தது, அத்தோடு லிங்க் காலாவதியானது. மறுபடியும் கேட்டால் புதிதாகத் தயாரித்து, வேறு மாதிரிப் பிரித்துத் தருகிறது, பழைய எட்டும் பயனில்லை. ஆகவே மலையில் இருப்பவர்கள் தொடக்கத்திலேயே இரண்டு இரண்டு வருடமாகக் காலத்தைப் பிரித்துக் கேளுங்கள். ஒவ்வொரு தவணையும் இரண்டு இரவில் முடியும். நான் அப்படித்தான் ஏழு தவணையில் முடித்தேன்.

தமிழ் இல்லாத தமிழ்

ஜேசன் கோப்பைத் திறந்து பார்த்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. படிக்க வைத்துத் திரையில் காட்டினால் தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்', அப்புறம் ஏதோ ஒரு குறி, இப்படியே பக்கம் பக்கமாக. பதினான்கு வருட எழுத்து போய்விட்டது என்று அன்றிரவு நெஞ்சு அடைத்துவிட்டது.

எழுத்து போகவில்லை. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். 'மலையகம்' என்பதை நாம் ஐந்து எழுத்தாக வாசிக்கிறோம். யூனிகோடுக்கு அது ம, ல, ஐகாரக் குறி, ய, க, ம, புள்ளி என்று 7 குறியீடு, ஆக 21 பைட். அந்த ஏற்றுமதி இந்த 21 பைட்டையும் தனித்தனி லத்தீன் எழுத்தாக எண்ணி எழுதி வைத்திருக்கிறது. பைட்டுகள் வரிசை மாறாமல் அப்படியே இருக்கின்றன, படிக்கும் முறைதான் தவறு. பைதான் நிரல்மொழியில் இதைத் திருத்த ஒரே வரி போதும்: எழுத்துச்சரத்தை லத்தீன்-1 (ஐரோப்பிய எழுத்துகளின் பட்டியல்) என்று பைட்டாக்கு, அதே பைட்டுகளை யூடிஎஃப்-8 என்று படி.

இதிலும் ஓர் இரவு வீணானது. நான் கோப்பு முழுவதையும் அப்படியே எடுத்து அந்த வரியை ஓட்டினேன், ஒன்றும் மாறவில்லை. காரணம், கோப்புக்குள் அந்தக் குறிகள் எழுத்தாக இல்லை, பின்சாய்கோடும் எண்ணுமாக வெறும் ஆஸ்கியில், அதாவது அடிப்படை ஆங்கிலக் குறிகளில், எழுதப்பட்டிருக்கின்றன. முதலில் ஜேசனாகப் படிக்க வேண்டும், பிறகு உள்ளே இருக்கும் ஒவ்வொரு சரத்தையும் தனியாகத் திருத்த வேண்டும். தவறி இரண்டாம் முறை ஓட்டினாலும் பயமில்லை. சரியான தமிழ் லத்தீன்-1 பட்டியலில் கிடையாது, பைதான் பிழை காட்டி நின்றுவிடும்.

திரையில் முதலில் தெளிந்த வரி, 2011இல் நான் எழுதியது: "இன்று காமன் ஊன்றியாச்சு." அத்தையை எழுப்பிக் காட்டினேன்.

பழைய குறிப்புகள் சில வேறு விதமாகக் கெட்டிருந்தன. கூத்துப் பாட்டுகளை அப்போது ஒரு கொமியூனிக்கேஷன் கடையில் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டு, அதையே வெட்டி ஒட்டியிருக்கிறேன். பாமினி எழுத்துரு இல்லாத இடத்தில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். இதற்குப் பாமினியை யூனிகோடாக்கும் மாற்றி வேண்டும், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மாற்றிய பிறகு கையால் ஒருமுறை பார்த்துத் திருத்தினேன்.

தேதி

படங்களை இறக்கினால் கமரா எழுதிய தேதி உள்ளே இருக்காது, தளம் அதை நீக்கிவிடுகிறது. ஜேசனில் ஒரு நீண்ட எண் இருக்கும். 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய வினாடிகள், அதுவும் உலகப் பொது நேரத்தில். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. இதைக் கூட்டாமல் விட்டதால் விடியற்காலை நாலரைக்குப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கூடுவதற்கு) தப்பு அடிக்கும் படங்கள் எல்லாம் முந்திய நாளில் போய் உட்கார்ந்தன. காமன் தகனமும் அப்படித்தான், பௌர்ணமிக்கு முதல் நாள் எரிந்ததாகக் காட்டியது. 19,800 வினாடி கூட்டிய பிறகு சரியானது. எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவியால் அந்தத் தேதிகளைப் படங்களுக்குள்ளேயே எழுதினேன். படத்தின் தேதி வேறு கோப்பில் இருந்தால் என்றைக்காவது இரண்டும் பிரிந்துவிடும்.

ஸ்கேன் செய்த பழைய படங்களுக்கு இது உதவாது. அவற்றின் தேதி நான் ஏற்றிய தேதிதான். அத்தையும் மற்றப் பிள்ளைகளும் பிள்ளை மடுவத்து வாசலில் நிற்கும் படம் 2012 என்று வந்தது. அந்தப் படம் எந்தக் காலம் என்று எனக்குச் சொன்னது ஒரு கமென்ட். "அரசாங்கம் தோட்டத்தை எடுத்த பிறகுதான் இந்த ஆயாம்மா வந்தாங்க" என்று யாரோ எழுதியிருந்தார்கள். கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தது 1975. அந்தக் கமென்டைத் தேடப் போனபோதுதான் தெரிந்தது, இறக்கிய கோப்புகளில் அது இல்லவே இல்லை.

மறுமொழி இல்லாத கோப்பு

நான் மற்றவர்களின் பதிவுகளில் எழுதிய கமென்டுகள் எல்லாம் இருந்தன. என் படங்களுக்குக் கீழே மற்றவர்கள் எழுதியது ஒன்றுகூட வரவில்லை. அவரவர் எழுதியது அவரவர் தகவல் என்பது கணக்கு. அதில் நியாயம் உண்டுதான். ஆனால் என் படங்களின் அறிவு முழுவதும் அங்கேதான் இருந்தது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்கடியில் போனது. கடும் வறட்சியில் நீர் இறங்கினால் பழைய கோயிலும் மற்ற இடிபாடுகளும் வெளியே தெரியும். அப்படி இறங்கிய ஒரு வருடம், காய்ந்து வெடித்த சேற்றில் நின்று கோயிலைப் படம் எடுத்துப் போட்டேன். சாதாரணப் படம். அதற்குக் கீழே 87 கமென்ட். கோயிலுக்கு எந்தப் பக்கம் பேக்கரி இருந்தது, பஸ் எங்கே திரும்பும், எந்தக் கடையில் தீபாவளிச் சீலை கடனுக்குக் கிடைக்கும் என்று ஹட்டனிலிருந்தும் வத்தளையிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் எழுதியிருந்தார்கள். அந்த டவுனில் நடந்தவர்கள் எழுதியது. நீருக்கடியில் போன ஊரின் வரைபடம் அந்த 87 கமென்டில் இருந்தது. அதை விட்டுவிட்டு வெறும் கோயில் படத்தோடு நான் வெளியேற முடியாது.

அதனால் கையால் எடுத்தேன். போனில் வேண்டாம், கணினியில் செய்யுங்கள். ஒவ்வொரு பதிவையும் தனியாகத் திறந்து, கமென்டுகளுக்கு மேலே 'மிகப் பொருத்தமானவை' என்று இருப்பதை 'எல்லாம்' என்று மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் பாதி மறைந்திருக்கும். பிறகு 'மேலும் பதில்கள்' என்ற ஒவ்வொன்றையும் திறக்க வேண்டும். பக்கம் முழுவதையும் பிடிஎஃப் ஆகச் சேமித்தேன், அது சாட்சிக்கு. எழுத்தை எடுத்து விரிதாளில் ஒட்டினேன். நிரல்கள் இவை: பட எண், எழுதியவர், தேதி, எழுதியது, எதற்குப் பதில். கடைசி நிரலை முதலில் நான் வைக்கவில்லை. நாற்பது படம் முடிந்த பிறகு, "ஆமா" என்று தனியாக நிற்கும் வரி எதற்கு ஆமா என்று தெரியாமல் திரும்பப் போக வேண்டியதாயிற்று. தேதியும் '9 வருடங்கள்' என்றுதான் காட்டும், அதன்மேல் மவுஸை வைத்தால் முழுத் தேதி வரும்.

ஒரு படத்துக்குச் சராசரியாகக் கால் மணி நேரம். 3,400 படத்துக்கும் இதைச் செய்ய முடியாது, செய்யவும் தேவையில்லை. பேச்சு நடந்த 410 படங்களைத் தேர்ந்தெடுத்தேன். அக்காவின் மகள் ஏஎல் பரீட்சை முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். "மாமா, நீங்க வாசிங்க, நான் ஒட்டுறேன்" என்று பாதி வேலையை அவள்தான் செய்தாள். வைகாசியில் மழை பிடித்த பிறகு மின்சாரம் அடிக்கடி போனது. போனால் அன்றைய வேலை அத்தோடு சரி.

பலர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார்கள். அதை அப்படியே ஒரு நிரலில் விட்டு, பக்கத்தில் தமிழில் வாசித்து எழுதினோம். 'காம்பரா', 'கொந்தரப்பு', 'மடுவம்' போன்ற தோட்டத்துச் சொல் எதையும் திருத்தவில்லை. எழுதியவர் பேசியபடியே இருக்கட்டும்.

ஓட்டைகளும் இருந்தன. கணக்கை அழித்துவிட்டுப் போனவர்களின் கமென்டும் அவர்களோடு போய்விடுகிறது. "ஆமாண்ணே, அந்தப் பேக்கரிதான், பின்னாடி வேலி இருக்கும்" என்று பதில் மட்டும் இருக்கும், அண்ணன் சொன்னது இருக்காது. பதில் எழுதியவரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். அந்த அண்ணன் யாரென்று அவருக்கு நினைவிருந்தது, என்ன எழுதினார் என்பதில் பாதிதான் நினைவிருந்தது. அந்தப் பாதியை 'நினைவிலிருந்து' என்று குறித்துச் சேர்த்தேன். நான் என் கணக்கை அழிக்கும்போது மற்றவர்களின் படங்களுக்குக் கீழே இதே ஓட்டையைத்தான் விடப் போகிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. என் கமென்டுகளில் ஏதாவது விவரம் உள்ளவற்றைப் பிரித்து, அந்தந்தப் படத்துக்காரர்களுக்குத் தனியாக அனுப்பினேன். இதற்கு மட்டும் மூன்று வாரம். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் வெளியேறுகிறவர் செய்ய வேண்டிய வேலை இது என்றே நினைக்கிறேன்.

கேட்டுத்தான் எடுக்க வேண்டும்

அங்கே எழுதியதை வேறிடத்தில் வைக்க எழுதியவரின் சம்மதம் வேண்டும். இரண்டு மாதம் என் பக்கத்தில் அறிவிப்பை மேலே பொருத்தி வைத்தேன், அது சிலருக்குத்தான் தெரிந்தது. ஆகவே சீஆர் கொப்பி என்ற தடித்த நோட்டில் பெயர்களை எழுதி, ஒவ்வொருவராக அழைத்தேன். ஏறத்தாழ எல்லோரும் சரி என்றார்கள். இரண்டு பேர் பெயர் வேண்டாம் என்றார்கள், எடுத்துவிட்டேன். ஒருவர் முழுவதும் வேண்டாம் என்றார், அதையும் எடுத்துவிட்டேன். இறந்துபோனவர்களுக்குப் பிள்ளைகளைக் கேட்டேன். கோத்தகிரியிலிருந்து கமென்ட் எழுதிய ஓர் அம்மா, "எங்க அப்பா கடைன்னு பேரு சொல்லியே போடு தம்பி, வேற எங்கயும் அவரு பேரு இல்ல" என்றார்.

கொப்பியில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே போன் நம்பர் வாங்கிக்கொண்டேன். இனி எங்கள் பக்கம் யாராவது இறந்தால் எனக்கு அழைப்பு வரும்.

எங்கே வைத்தேன்

சர்வர் எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஒரு ஃபோல்டர், அதற்குள் ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எச்டிஎம்எல் கோப்பு: மேலே படம், கீழே கமென்டுகள். இணையம் இல்லாமலே எந்தக் கணினியிலும் திறக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவையும் உள்ளேயே வைத்தேன், பழைய கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியக் கூடாது. ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் இரண்டு. ஒன்று வீட்டில், மூடி இறுக்கமான பிஸ்கட் டின்னில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இருக்கிறது. இந்த ஈரத்தில் என் கமரா லென்ஸே ஒருமுறை பூஞ்சை பிடித்துப் போனது. மற்றது வத்தளையில் அக்கா வீட்டில். மண் சரியும் நாட்டில் இரண்டையும் ஒரே மலையில் வைப்பது கூடாது. நகலெடுத்த பிறகு இரண்டு பக்கமும் செக்சம் (கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் எண்) ஒப்பிட்டேன், நான்கு வீடியோ பிழையாக நகலாகியிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

பேச்சு நிறைந்த 60 படங்களை அச்சிலும் எடுத்தேன். ஹட்டனில் கேட்ட கடையில் யூனிகோட் வேண்டாம், பாமினியில் கொண்டு வாருங்கள் என்றார்கள். மறுபடியும் பின்னால் போக மனமில்லை. லிப்ரே ஆபிசில் நானே பக்கம் அமைத்து, எழுத்துரு உள்ளே பதிந்த பிடிஎஃப் ஆகக் கொடுத்தேன், அதை அப்படியே அடித்துத் தந்தார்கள். மூன்று பிரதி. ஒன்று அத்தையிடம், ஒன்று தாத்தாவின் பேரனிடம், ஒன்று கோயிலுக்குப் பக்கத்து வாசிகசாலையில். கூத்து வீடியோ 37ம் பென்டிரைவில் போட்டு அந்தப் பேரனுக்குக் கொடுத்தேன். அவன் இப்போது தப்பு பழகுகிறான்.

செப்டம்பரில் அழிக்கச் சொல்லி அழுத்தினேன். மனம் மாறினால் திரும்ப 30 நாள் அவகாசம் தருகிறார்கள். நான் திரும்பவில்லை. முதல் இரண்டு வாரம் காலையில் கை தானாகப் போனைத் தேடியது. அந்த நேரத்தில் கொப்பியைத் திறந்து யாராவது ஒருவரை அழைத்தேன்.

போன போயாவுக்கு, பௌர்ணமி விடுமுறையன்று, வாசிகசாலைக்குப் போனேன். பழைய மஸ்கெலியா படத்துக்குக் கீழே, 41ஆம் கமென்டில் 'தபால் கந்தோர்' என்ற இடத்தை யாரோ நீலப் பேனாவால் அடித்து, "இல்லை, இது டிஸ்பென்சரி. தபால் கந்தோர் மேலே, பாதை வளையும் இடம்" என்று நடுங்கிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். யார் என்று வாசிகசாலைத் தம்பிக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வந்து, கோப்பில் 88ஆம் கமென்டாகச் சேர்த்தேன். எழுதியவர் என்ற நிரல் இன்னும் காலியாக இருக்கிறது. அடுத்த ஞாயிறு கீழ்க்கணக்குப் பக்கம் போய் விசாரிக்க வேண்டும்.